முடிந்த பிறகு வரும் அறிவித்தல்

எங்கள் வளாகத்தில் எது நடந்தாலும், அது நடந்து முடிந்த பிறகே அறிவித்தல் வரவேண்டும் என்று எவரேனும் சட்டம் இயற்றியிருக்கிறார்களா? உதைபந்தாட்ட இறுதிப் போட்டி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் தேநீர் குடிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க, விடுதியில் இருக்கும் எங்களுக்கு மட்டும் அது வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படமாகவே வந்து சேர்கிறது. ஒருமுறை குருதி கொடுத்தவர் அடுத்த முறைக்கு 4 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு புறப்படுபவரிடம், முகாம் நேற்றே முடிந்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் மங்கலான படமொன்று சொல்கிறது. (அதிலும் நேரம் இருக்குமிடம் வெட்டுப்பட்டிருக்கும், அது தனிக் கலை.) மாரி மழையோடு டெங்கு பரவும் யாழ்ப்பாணத்தில், நுளம்பு ஒழிப்புக் கருத்தரங்குக்கான அழைப்பு, காய்ச்சலில் படுத்த பின்னரே கிடைக்கிறது. பரீட்சைக் கட்டணத்துக்கான இறுதித் திகதி மட்டும் எப்படி ஐயா ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடுகிறது?