அந்த ஒரு வரியை ஏன்யா வெட்டுறீங்க?

அறிவியல் செய்தி போட இங்கே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையை எடு. எதில் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்று சொல்கிற வரியைத் தேடிப் பிடி. அதை மட்டும் வெட்டி எறி. மிச்சத்துக்கு "விஞ்ஞானிகள் அதிர்ச்சி" என்று தலைப்பு வை. யூடியூப் என்றால் கூடவே ஒரு சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஒரு முகம். மதியத்துக்குள் எல்லாக் குடும்பக் குரூப்பிலும் வந்து விழுந்துவிடும்.

கவனக்குறைவு, நேரமில்லை, இடமில்லை என்றெல்லாம் சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே வரி மட்டும் எப்படித் தவறும்?

டோஸ்டார்லிமாப் ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூனில் "புற்றுநோய்க்கு முடிவு கட்டும் மருந்து, 100 சதவீத வெற்றி" என்று சுற்றியதே, அதுதான். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் நடத்திய சோதனை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம், நரம்பு வழியாக, ஆறு மாதம். சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஸ்கேனிலும் இல்லை, பயாப்சியிலும் இல்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ எதுவுமே தேவைப்படவில்லை. நிஜமாகவே பெரிய செய்தி. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

வெட்டப்பட்ட வரி என்ன? அந்த 12 பேருக்கும் இருந்தது மலக்குடல் புற்றுநோய். அதிலும் 'மிஸ்மேட்ச் ரிப்பேர்' (சுருக்கமாக எம்எம்ஆர்) குறைபாடு உள்ள வகை. செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுப்பதில் பிழைகள் விழும். அவற்றைத் திருத்தும் புரதங்கள் செயலிழந்த கட்டியில் பிழை மேல் பிழை குவிந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு அந்தச் செல்களே அந்நியமாகிவிடும். அந்த மண்டலத்தின் பிரேக்கை விடுவிப்பதுதான் மருந்தின் வேலை. பிரேக்கை விட்டதும் பாய்ந்து தாக்குகிறது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் இந்த வகை. மற்றவர்களிடம் இதே மருந்து இப்படி வேலை செய்யும் என்று அந்தக் கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை.

விளைவு? ரத்தப் புற்றுநோய்க்காரர் வீட்டிலும் நுரையீரல் புற்றுநோய்க்காரர் வீட்டிலும் அந்த மெசேஜைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். "இதை ஏன் எங்களுக்குத் தரவில்லை?" என்று கேட்டு, இல்லை என்றதும் டாக்டர் மேலேயே சந்தேகப்பட்டார்கள். யார் பதில் சொல்வது?

இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? நோயாளிக்கு உபயோகமான தகவலே அந்த வெட்டிய வரிதான். கட்டி அந்த வகையா என்று கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. பயாப்சிக்கு எடுத்த அதே திசுவில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். ஒன்று காணாமல் போயிருந்தாலும் சிகிச்சையின் திசையே மாறலாம். நம் ஊர்ப் பெரிய லேப்களிலும் செய்கிறார்கள். "பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உள்ளவர்கள் எம்எம்ஆர் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் யாரோ ஒருவருக்காவது உதவியிருக்கும். போட்டார்களா? 2025இல் அதே மையம் மலக்குடல் புற்றுநோய்க்காரர்கள் 49 பேருக்கு 49 பேரிடமும் பலன் என்று அடுத்த கட்ட முடிவை வெளியிட்டது. அது எந்தக் குரூப்பிலும் வரவில்லை. சுவாரசியம் போய்விட்டதாம்.

அடுத்தது எலி. "நீரிழிவை விரட்டும் மூலிகை", "முதுமையை நிறுத்தும் மாத்திரை" என்று வருவதில் பாதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எலிதான் இருக்கும். இல்லையென்றால் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். தட்டில் இருக்கும் செல்லைச் சாகடிக்க மஞ்சளும் போதும், பினாயிலும் போதும். அதே பொருள் வாய்வழி போய், குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, தேவையான அளவு கட்டியைப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. மஞ்சளின் குர்குமின் அங்கேதான் படுத்துவிடுகிறது, ரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும். 'எலி' என்பது இரண்டே எழுத்து. பத்துச் சொல் தலைப்பில் அதற்கு இடமில்லையா?

சதவீதத்துக்கு வருவோம். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட்டும் அதே பிரிவில்தான் இருக்கிறது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. உடனே "சிகரெட்டுக்குச் சமம்" என்று தலைப்பு. ஐயா, அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பது வேறு கணக்கு. 18 சதவீதம் என்றால் எதிலிருந்து 18? மேலை நாட்டில் வாழ்நாள் முழுவதிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் சாப்பிடுபவர்களில் அது ஆறு பேர் ஆகும். ஐந்து ஆறானது என்று எழுதினால் வாசகர் தானே முடிவெடுப்பார். "18 சதவீதம்!" என்று எழுதினால் பயப்படத்தான் முடியும். சிகரெட் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

நல்ல செய்தியிலும் இதே தில்லுமுல்லு உண்டு. அல்சைமருக்கான லெக்கனமாப் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்றார்கள். 1,795 பேர், 18 மாதம், ஒழுங்காக நடந்த சோதனைதான். அளந்தது 18 புள்ளி கொண்ட ஒரு அளவுகோலில். மருந்து எடுத்தவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி எடுத்தவர்கள் 1.66. வித்தியாசம் 0.45. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி வழியாக ஏற்றினார்கள், நடுநடுவே எம்ஆர்ஐ எடுத்தார்கள். அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த எண்கள் வேண்டுமா, வெறும் 27 வேண்டுமா?

இயற்பியல் பக்கம் போனால் இன்னும் கொடுமை. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுக்கரு இணைவு வெற்றி. 192 லேசர்கள் சேர்ந்து ஒரு சின்ன எரிபொருள் உருண்டையை நோக்கி 2.05 மெகாஜூல் கொடுக்க, 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. "போட்டதைவிட அதிகம் வந்தது, இனி மின்சாரம் இலவசம்" என்று கொண்டாட்டம். நம் கரண்ட் பில் கணக்கில் சொல்கிறேன். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆக, வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, 0.9கூட இல்லை. அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்குக் குறைவாக எடுத்ததையா இலவச மின்சாரம் என்கிறீர்கள்? எரிபொருள் உருண்டைக்குள் நடந்ததைப் பொறுத்தவரை அது அறுபது ஆண்டுக் கனவு பலித்த நாள். அந்தப் பெருமையையே நேர்மையாக எழுதியிருக்கலாம்.

எல்கே-99 கூத்து தனி ரகம். 2023 ஜூலை 22 அன்று தென்கொரியக் குழு ஒன்று, சரிபார்ப்புக்கு முன்பே கட்டுரைகளைப் போடும் ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரையை ஏற்றியது. அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், மின்தடையே இல்லாத பொருள், அதாவது மீகடத்தி என்றார்கள். செய்முறையும் எளிது. ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் 725 டிகிரியில் 24 மணி நேரம். தாமிரத்தையும் பாஸ்பரஸையும் தனியே 550 டிகிரியில் 48 மணி நேரம். இரண்டையும் அரைத்து, வெற்றிடக் குழாயில் அடைத்து, 925 டிகிரியில் மறுபடி சுடு. உலகமே சூளையைப் பற்றவைத்தது. மீகடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும் என்பதால், கறுப்புத் துணுக்கு ஒரு முனையைத் தரையில் ஊன்றிக்கொண்டு காந்தத்தின் மேல் பாதி எழும்பி நிற்கும் வீடியோதான் எங்கு பார்த்தாலும்.

அந்தச் செய்முறையிலேயே பொறி இருந்தது. சல்பேட்டில் உள்ள கந்தகம் எங்கே போகும்? தாமிரத்தோடு சேர்ந்து தாமிர சல்பைடாக உள்ளேயே தங்கும். அந்த சல்பைடு 104 டிகிரி வாக்கில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது மின்தடை சட்டென்று விழும். கொரியர்கள் காட்டிய சரிவும் அதே இடத்தில். ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தது. மீகடத்தியாவது, சாதாரணக் கடத்திகூட இல்லை, சுத்தமான மின்காப்பான். நம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்து இல்லை என்றே சொன்னது. பாதி மிதப்புக்குச் சாதாரணக் காந்தத்தன்மையே போதும். ஆகஸ்ட் முடிவதற்குள் கதை முடிந்தது. முதல் நாள் கூவிய சேனல்களில் எத்தனை இந்த முடிவைச் சொன்னது? இன்றைக்கும் அந்தப் பழைய வீடியோவின் கீழே "அமெரிக்கா மறைத்துவிட்டது" என்று கமெண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கே2-18பி விஷயமும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் "வேற்றுக்கிரகத்தில் உயிர், 99.7 சதவீதம் உறுதி" என்றார்கள். கேம்பிரிட்ஜ் குழு சொன்னது, பூமியில் உயிரினங்கள் உருவாக்கும் டைமெத்தில் சல்பைடு போன்ற வாயுவின் தடயம், மூன்று சிக்மா அளவில். அதன் பொருள் என்ன? அந்த வாயு அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலாக இப்படியொரு வடிவம் தெரிய 0.3 சதவீத வாய்ப்பு. உயிர் இருக்கிறதா என்பது அதற்கு வெகுதூரத்துக்கு அப்பால் இருக்கும் கேள்வி. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அதே வாயு 67பி வால்நட்சத்திரத்திலும் உண்டு, அங்கே எந்த உயிரும் இல்லை. வேறு குழுக்கள் அதே தரவை அலசியபோது தடயமே நிற்கவில்லை. இதில் ஒரு நாளிதழ் 124 ஒளியாண்டை "124 ஆண்டு பயண தூரம்" என்று வேறு போட்டிருந்தது. ஒளி போனால் சரி. ஒரு ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் சாமி!

2024 ஒய்ஆர்4 விண்கல்லில் நடந்தது வேறு மாதிரி அநியாயம். 2032இல் அது பூமியில் மோதும் ஆபத்து 1 சதவீதம், 2 சதவீதம், 2025 பிப்ரவரி 18இல் 3.1 சதவீதம் என்று ஏறியது. அந்த மாதம் முடிவதற்குள் கிட்டத்தட்ட பூஜ்யம். உடனே "நாசா உளறுகிறது" என்று கிளம்பினார்கள். ஏறி இறங்குவதுதான் அந்தக் கணக்கின் இயல்பு. கல் 2032இல் எங்கே இருக்கலாம் என்பது முதலில் நீளமான ஒரு பட்டை. புதிது புதிதாகப் பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் பட்டைக்குள் இருக்கும்வரை, சுருங்கும் பட்டையில் பூமியின் பங்கு கூடும், எண் ஏறும். பட்டை ஒதுங்கி பூமி வெளியே வந்த கணத்தில் எண் சரியும். நாலு வரி விளக்கம், அவ்வளவுதான். அதற்குப் பதில் டைனோசர் படம் போட்டார்கள்.

நம் ஊர்ப் பெருமையையும் விட்டுவைக்க மாட்டேன். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, காலம் அளந்தது இரும்பையா, அதோடு முதுமக்கள் தாழியில் கிடந்த கரித்துண்டையா என்று எத்தனை செய்தி சொன்னது? கரி காட்டுவது மரம் வளர்ந்த காலம். மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள், பானையோட்டுக்கு ஒளிர்வு முறையில் தனியாகக் காலம் பார்த்திருந்தார்கள். வாதத்துக்கு வலு சேர்ப்பதே அந்த விவரம். அதையும் வெட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினால், நாளைக்கு ஒருவன் குறுக்குக் கேள்வி கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

இதையெல்லாம் சரிபார்க்க பிஎச்டி வேண்டாம். செய்தியில் ஆய்விதழின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே மூடிவிடலாம். இருந்தால் ஆய்வாளர் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டாலும் சுருக்கம் பெரும்பாலும் இலவசம். அதில் 'மைஸ்' (எலிகள்), 'மியூரின்' (எலி சார்ந்த), 'இன் விட்ரோ' (கண்ணாடித் தட்டில்) என்ற சொற்கள் கண்ணில் பட்டால் பெரும்பாலும் மனிதரிடம் இன்னும் வரவில்லை. ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் என்றிருந்தால் சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை. இந்தியாவில் மருந்துச் சோதனை நடக்கிறது என்றால் சிடிஆர்ஐ என்ற மருந்துச் சோதனைப் பதிவேட்டுத் தளத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும். இரண்டு நிமிட வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தி எழுதுபவர் செய்ய வேண்டியதை வாசகருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அடுத்த கூத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "ஆகஸ்ட் 2, உலகமே ஆறு நிமிடம் இருளும்" என்று 2025லேயே ஒரு ரவுண்டு வந்துபோனது. அன்று எந்தக் கிரகணமும் இல்லை. உண்மையான கிரகணம் 2027 ஆகஸ்ட் 2. எகிப்தின் லக்ஸர் பக்கம் சுமார் 6 நிமிடம் 23 விநாடி. ஸ்பெயினின் தெற்கு முனை, வட ஆப்பிரிக்கா, சவுதி, ஏமன் வழியாகப் போகும் ஒரு குறுகிய பாதையில் மட்டும்தான் முழு இருள். இந்தியாவில் பல இடங்களில் பகுதி கிரகணம் தெரியும், அதற்கும் சூரிய வடிகட்டிக் கண்ணாடி கட்டாயம். செய்தி அறையில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இப்போதே எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.