புது பேட்டரி, பழைய முக்கல்

(கோவில்பட்டி. மாரியின் மெக்கானிக் கடை. மளிகைக்கடை தங்கராசு தன் 2009 மாடல் 150 சிசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.)

தங்கராசு: மாரி, செல்ஃப் அமுக்கினால் முக்குகிறது. ர்ர்ர்... ர்ர்... ர். புது பேட்டரி போட்டும் அதே கதைதான்.

மாரி: யார் சொல்லி மாற்றினீர்கள் அண்ணாச்சி?

தங்கராசு: உளுந்து வாங்க வந்தவர் பேட்டரி என்றார். புளி வாங்க வந்தவர் கார்பன் பிரஷ் என்றார். கடன் சொல்ல வந்தவர் மட்டும், "வண்டிக்கு என்ன அண்ணாச்சி, ஜம்முன்னு இருக்கு" என்றார்.

மாரி: கிக் அடித்தால்?

தங்கராசு: ஒரே உதை. காலும் லேசாகத்தான் இறங்குகிறது.

மாரி: அப்போது என்ஜின் எங்கேயும் பிடிக்கவில்லை, ஆயிலும் கெட்டி இல்லை. (மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து) 12.7 வோல்ட். சும்மா இருக்கும்போது காட்டுவதை நான் நம்ப மாட்டேன். நியூட்ரலில் போட்டு செல்ஃபை அமுக்குங்கள்.

(ர்ர்ர்... ர்ர்...)

மாரி: 11.6.

தங்கராசு: இறங்கிவிட்டதே! பேட்டரிக்காரன் ஏமாற்றிவிட்டான்!

மாரி: ஒன்பதரைக்குக் கீழே போயிருந்தால் திட்டலாம். இங்கே மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் பேட்டரி நோகாமல் உட்கார்ந்திருக்கிறது.

தங்கராசு: எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

மாரி: விருதுநகரில் 50 கிலோ மூட்டை ஏற்றுகிறார்கள். உங்கள் கடையில் 36 கிலோதான் இறங்குகிறது.

தங்கராசு: லாரிக்காரனை விடுவேனா!

மாரி: அந்த லாரிக்காரனைத்தான் தேடுகிறேன். (மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை என்ஜின் மேலும் வைத்து) அமுக்குங்கள்... 3.4! எர்த், அதாவது மைனஸை என்ஜினோடு சேர்க்கிற கம்பி, ஒழுங்காக இருந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டாது.

(மைனஸிலிருந்து என்ஜினுக்கு ஒரு ஜம்பர் வயரைப் பிடிக்கிறார். செல்ஃப் விர்ரென்று சுற்றி வண்டி ஸ்டார்ட் ஆகிறது.)

தங்கராசு: அடேயப்பா! அந்த வயரை அப்படியே கட்டிவிடேன்.

மாரி: (வண்டியை அணைத்து, எர்த் போல்ட்டைக் கழற்றுகிறார்) அண்ணாச்சி, கம்பிக்கு அடியில் இது என்ன வெள்ளி நிறம்?

தங்கராசு: (பெருமையாக) ஆயுத பூஜைக்கு நானே அடித்தேன். எல்லாவற்றையும் கழற்றி, ஒரு இடம் விடாமல், ரெண்டு கோட்டிங்!

மாரி: இந்த ஒரு இடத்தை விட்டிருக்கலாம். பெயிண்ட் மேல் முறுக்கினால் கரண்ட் எப்படிப் போகும்?

தங்கராசு: லைட் எரிகிறதே?

மாரி: லைட்டுக்கு மூணு ஆம்பியர் போதும், மரையோரமாகக் கசிந்து போய்விடும். செல்ஃப் பல மடங்கு கேட்கும்.

(உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கிறார். போல்ட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுகிறார். மீட்டரில் 0.1.)

தங்கராசு: அப்போது வீட்டில் கிடக்கிற பழைய பேட்டரி?

மாரி: அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

தங்கராசு: மிச்சப் பெயிண்ட்டை மச்சினன் வண்டிக்கும் அடித்துக் கொடுத்தேன். அவனுக்கும் செல்ஃப் முக்குகிறதாம், காலையில் போன் பண்ணினான்.

மாரி: ஐயோ, அவரும் பேட்டரி வாங்கிவிடப் போகிறார். உடனே சொல்லுங்கள்!

தங்கராசு: (போனில்) மாப்பிளே, நல்லா விசாரிச்சுட்டேன், பேட்டரிதான். நீ எந்தக் கடைக்கும் போகாதே. என்கிட்டே ஒண்ணு சும்மா கிடக்கு, பாதி விலைக்குத் தரேன்.