சத்தமாகப் படித்தபோதுதான் தெரிந்தது
நாடகம் எழுதுவதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது என்கிறது இணையத்தில் படித்த ஒரு கட்டுரை. கவிதைக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். டெல்லியில் எம்.ஏ. படித்தபோது படைப்பெழுத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். அதற்காக, கரோல் பாக் பகுதித் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நடக்கும் பாகப்பிரிவினைச் சண்டையைப் பத்து நிமிட நாடகக் காட்சியாக (ஆங்கிலத்தில்தான்) எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வகுப்பில் இரண்டு பேர் வாய்விட்டுப் படித்தார்கள். மூன்றாவது நிமிடமே எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியுமே, பையன் யாருக்காகச் சொல்கிறான்?" பார்வையாளருக்கு விவரம் தருவதற்காகவே பாத்திரங்களைப் பேசவைத்திருந்தேன். அன்றே பாதி வசனம் போயிற்று. தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் இது பிடிபட எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், தேசிய நாடகப் பள்ளி இருக்கும்போது பல்கலைக்கழகம் எதற்கு என்கிறார். சரி, 1959இல் தொடங்கிய அந்தப் பள்ளி பெயர் பெற்றதே நடிப்புக்கும் இயக்கத்துக்கும்தான், எழுத்துக்கு அல்ல. அப்புறம், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையை நடத்தினார். வகுப்பறையில் பயனில்லை என்றால் அவ்வளவு பெரிய நாடகாசிரியர் அங்கே எதற்குப் போனார்?