பூமி சூரியனைச் சுற்றுகிறது: உங்களுக்கு எப்படித் தெரியும்?

போலிச் செய்தியைத் திரையில் காட்டி 'சிந்திக்க' கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் பெரும்பாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து. ஏமாறுகிறவர்கள் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டே மாணவர் எழுந்து போய்விடுவார். கல்லூரி முதலாண்டில் எல்லோரும் நம்புகிற, உண்மையுமான ஒன்றை எடுக்க வேண்டும்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது. எப்படித் தெரியும்? கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, பத்து நிமிடம், தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். குழுவாக விட்டால் நன்றாகப் பேசுகிற ஒருவரின் பதிலே எல்லோருடைய பதிலுமாகிவிடும்.

இரவு பகல், பருவங்கள், 'பள்ளியில் படித்தோம்' என்றுதான் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே கேள்வி: பூமி அசையாமல் நின்று சூரியன் சுற்றினாலும் இதே காட்சி தெரியாதா? இரவு பகல் அப்போதும் உண்டு. சூரியனின் பாதை ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாக நகர்ந்தால் பருவங்களும் உண்டு. சிலர் 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசலைச் சொல்வார்கள். அது பூமி தன்னைத்தானே சுழல்வதற்குத்தான் சான்று. 1610-இல் கலிலியோ கண்ட வெள்ளியின் பிறைகளோ, எல்லாமே பூமியைச் சுற்றும் என்ற தாலமியின் அமைப்பை வீழ்த்தின. ஆனால் கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் என்ற டைக்கோ பிராஹேயின் அமைப்புக்கு அவை அப்படியே பொருந்தும்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். 'எதைப் பார்த்தால் இரண்டு கருத்தும் பிரியும்?' என்று அவர்களையே தேட விடுங்கள். பூமி நகர்கிறது என்றால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன் சற்று இடம்மாறித் தெரிய வேண்டும் என்பதை யாராவது எட்டிவிடுவார். 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் அளந்தது அதைத்தான். அந்தக் கோணம் ஒரு பாகையில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயமே இல்லை இது.

அடுத்த வாரமே ஆபத்து வரும்: 'அப்படியானால் எல்லாம் அவரவர் கருத்துதானே?' ஹார்வர்டு மாணவர்களிடம் இந்தக் கட்டத்தைக் கல்வி உளவியலாளர் வில்லியம் பெர்ரி 1970-இலேயே விவரித்திருக்கிறார். பாடத்தை இங்கே நிறுத்துவது, தொடங்காமலே இருப்பதைவிடக் கெடுதல். பிறரை நம்பி அறிவது இழுக்கல்ல. அந்த நம்பிக்கைக்கும் காரணம் கேட்கலாம் என்று காட்ட வேண்டும். யார் அளந்தார்? எந்தக் கருவியால்? அவரைச் சாராமல் வேறு யார் அளந்தார்? பெசல் காலத்திலேயே ஸ்ட்ரூவ, ஹெண்டர்சன் என்ற வானியலாளர்கள் இருவரும் வெவ்வேறு விண்மீன்களைத் தனித்தனியே அளந்திருந்தார்கள். நம்ப அதுவே நல்ல காரணம். ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 100 வரை ஓர் எண்ணும், எது தெரிந்தால் அந்த எண் இறங்கும் என்று ஒரு வரியும் எழுத வைக்கலாம். அந்த வரி காலியாக இருந்தால், முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

பிறகு தன் பாடநூலிலிருந்து ஒரு வாக்கியத்தை மூலம்வரை பின்தொடரச் சொல்லுங்கள். 'பசலைக்கீரையின் இரும்புச்சத்துப் புகழுக்கு, அளவைப் பத்து மடங்காகக் காட்டிய தசமப்புள்ளிப் பிழைதான் காரணம்' என்ற கதை, பிழையைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டே கட்டுரைக்குக் கட்டுரை தாவியது. தேடிப்போனவர்களுக்கு அந்தப் பிழைக்கே ஆதாரம் அகப்படவில்லை.

மதிப்பெண்ணில் பாதியாவது தேடிய வழிக்குப் போகட்டும். 'மூலம் கிடைக்கவில்லை, இந்த மூன்று இடங்களில் தேடினேன்' என்ற விடைக்கும் அந்தப் பாதி முழுதாகக் கிடைக்க வேண்டும். தேர்வில் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், மாணவர்கள் மறுவாரமே பழையபடி குறிப்பேட்டை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.