வேலியில்லாத வயல்களைத் தேடி லாக்ஸ்டனுக்கு

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் நம் கண்முன் வருவது காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் தேன்நிறக் கல்வீடுகள்தான். ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் நானும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். பைபரியில் ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்காமல் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. சென்ற டிசம்பர் தொடக்கத்தில் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற ஊருக்குப் போய்வந்த பிறகு, இத்தனை ஆண்டுகளாக நான் காட்டியதெல்லாம் வெறும் சுவர்கள்தானோ என்ற ஐயம் வந்துவிட்டது.

லாக்ஸ்டன் அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். ஒரே தெரு, செங்கல் வீடுகள், ஒரு பழைய தேவாலயம், ஊருக்கு வடக்கே புல் மூடிய மண்மேடாக எஞ்சியிருக்கும் நார்மன் காலத்துக் கோட்டை, டவ்கோட் இன் என்ற மதுக்கூடம், அவ்வளவுதான். ஆனால் தெருவில் நடக்கும்போதே ஒன்று உறுத்தும். இந்த நாட்டில் பண்ணை வீடு என்றால் பொதுவாகத் தன் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும். இங்கே பண்ணை வீடுகள் எல்லாம் தெருவிலேயே, பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி நெருக்கமாக நிற்கின்றன. நம் பக்கத்து ஊர்களைப் போலக் குடியிருப்பு ஓரிடம், வயல் வேறிடம். காரணம், ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இல்லை. ஊரைச் சுற்றியுள்ள மூன்று பெரிய வயல்களிலும் பட்டை பட்டையாகச் சிதறிக் கிடக்கிறது.

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் இப்படித்தான் உழப்பட்டது. இன்று இந்த முறை அதன் நிர்வாகத்தோடு சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்ற மூன்றில், ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். தரிசு என்று விட்ட வயலில் இப்போது தீவனப் பயிர் போடுகிறார்கள் என்றாலும் சுழற்சி மாறவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வயல்களிலும் பட்டைகள் இருந்ததால், நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கலந்து கிடைத்தன. தஞ்சைப் பகுதியில் ஒருகாலத்தில் இருந்த கரையீட்டு முறையில் நிலத்தையே காலத்துக்குக் காலம் மாற்றிப் பங்கிட்டார்கள். இங்கே நிலத்தை மாற்றாமல் சிதறடித்தார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்த கணக்கு ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கோதுமை போட்டிருந்த வயலின் ஓரமாகப் போன மண்பாதையில் அரைமணி நேரம் நடந்தேன். செங்களி மண், பத்து அடி வைப்பதற்குள் ஒவ்வொரு பூட்ஸிலும் ஒரு செங்கல் எடைக்கு ஒட்டிக்கொண்டது. பயிர் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. வேலி இல்லை, வரப்பும் இல்லை. ஒருவர் பட்டை எங்கே முடிகிறது, அடுத்தவர் பட்டை எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு சால்தான் அடையாளம். பட்டையின் தலைமாட்டில் புதிதாகச் சீவிய ஒரு முளைக்குச்சி அடிக்கப்பட்டிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. மேல்முனை சுத்தியல் அடியில் சிதைந்து விரிந்து, இன்னும் வெளிர்நிறம் மாறாமல் இருந்தது. அதைத் தாண்டி உழக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் குச்சியை அடித்தவர்கள் ஊரின் ஜூரிகள். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் ஒரு நாள் விவசாயிகளைக் கொண்ட ஜூரி, புதிதாக விதைத்த கோதுமை வயலைச் சுற்றிப் பார்த்து எல்லைகளைச் சரிபார்க்கிறது. பொதுப் பாதைக்குள்ளோ, சைக் என்று அவர்கள் சொல்லும் புல்தரைக்குள்ளோ யாராவது ஒரு சால் தள்ளி உழுதிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன்னில் கூடும் கோர்ட் லீட் என்ற ஊர் மன்றத்தில் அவருக்கு அபராதம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் பெயர் வாசிக்கப்படுவது சிறிய விஷயமில்லை என்பது வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம், நாட்டில் பெயரளவில் எஞ்சியிருந்த இப்படிப்பட்ட பழைய மன்றங்களின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டன் மன்றத்துக்குக் குறிப்பாக விலக்கு அளித்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஊருக்குள் பின்ஃபோல்ட் என்ற சிறிய அடைப்பும் இருக்கிறது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம்; அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. “மாட்டை அவிழ்த்துவிட்டால் பவுண்டில் அடைத்துவிடுவான்” என்று என் தாத்தா மிரட்டுவார். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் வழியாக நம் ஊர்களில் பரவிய பவுண்டு, இந்தப் பின்ஃபோல்டுக்கு உறவுக்காரன்தான்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். ரயிலிலோ விமானத்திலோ இங்கிலாந்தைப் பார்ப்பவர்கள் வியப்பது பச்சைச் சதுரங்களையும் அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகளையும்தான். ஆதிகாலம் தொட்டு அப்படியே இருப்பதாக நானும் நம்பியிருந்தேன். அந்த நேர்கோட்டு வேலிகளில் பெரும்பகுதி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அளவைக்காரர்கள் கயிறு பிடித்து நட்ட முட்செடிகள். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றத்தில் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நிறைவேறி, சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அடைக்கப்பட்டது. பட்டைகள் ஒன்றாக்கப்பட்டன, பொது மேய்ச்சல் நிலம் தனியார் நிலமானது, ஒரு பசுவும் நாலு வாத்தும் வைத்துப் பிழைத்தவர்கள் கூலிக்குப் போனார்கள். விளைச்சலைப் பெருக்க இது தேவைப்பட்டது என்ற வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் வாழ்த்து அட்டைகளில் அச்சாகும் அந்த அழகு ஒரு பெரும் இழப்பின் வரைபடம் என்பதைச் சொல்லாமல், “என்ன இயற்கை, என்ன அமைதி” என்று பதிவிடுவது எனக்கு இப்போது கூசுகிறது. நானே அப்படிப் பலமுறை பதிவிட்டிருக்கிறேன்.

அதற்காக லாக்ஸ்டனைச் சமத்துவபுரமாகக் காட்டவும் நான் தயாரில்லை. நிலத்தில் பெரும்பகுதி உழுதவனுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அதற்கு மேலே ஒரு பிரபு இருந்தார். 1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த இந்த ஊரின் அற்புதமான வரைபடம், ஒவ்வொரு பட்டையையும் அது யாருடையது என்பதையும் காட்டுகிறது. ஏர் உழுபவர்களும் அறுப்பவர்களும்கூடக் குட்டிக் குட்டியாகத் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அதை வரையச் சொன்னவர், பத்து ஆண்டுகளுக்கு முன் ஊரை விலைக்கு வாங்கியிருந்த சர் வில்லியம் கோர்ட்டன் என்ற பெருவணிகர். தன் சொத்து எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இந்த வயல்கள் தப்பியதும் யாருடைய பெருந்தன்மையாலும் இல்லை. நிலம் இரண்டு பெரும் உடைமையாளர்களிடையே பிரிந்து கிடந்ததால் அடைப்பு முழுமையடையவில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு, அதாவது பழைய பிரபு குடும்பத்தின் வழிக்கே திரும்பியது. இத்தனை கைமாறியும் மூன்று வயல்களும் சுழல்கின்றன.

உழ முடியாத தாழ்ந்த பகுதிகளில் விடப்பட்ட சைக் புல்தரைகள் கோடையில் காட்டுப்பூக்களால் நிறைந்திருக்குமாம். அறிவியல் சிறப்புப் பகுதியாக அறிவித்துக் காக்கிறார்கள். டிசம்பரில் எனக்குக் கிடைத்தது நனைந்த புல்லும் நாலு மணிக்கே வந்த இருட்டும்தான். பேருந்தை நம்பிப் போகாதீர்கள். நெவார்க்கிலோ டக்ஸ்ஃபோர்டிலோ இருந்து காரில் போவதே நல்லது. மாற்றுக் காலணி ஒரு ஜோடி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படத்தை அன்றிரவே குடும்பக் குழுவில் போட்டேன். “என்ன மாமா, வெறும் சேறா இருக்கு, வீடு எதுவும் எடுக்கலையா?” என்று என் அக்கா மகள் கேட்டாள். அதே படத்தைத்தான் இங்கேயும் இணைத்திருக்கிறேன். சற்றுப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் அந்த முளைக்குச்சி தெரியும். அதற்கு இப்புறமும் அப்புறமும் இருக்கும் கோதுமை இரண்டு வெவ்வேறு வீட்டுக்காரர்களுடையது.