போர்வை கேட்டது ஒரு குற்றமா?

விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் மாட்டினால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா என்று ஞாயிற்றுக்கிழமை நம் ஆடியோ ரசிகர்கள் கூடிய இடத்தில் நடந்த சண்டையைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இந்நேரம் கை கால் முளைத்துக் கதை வந்து சேர்ந்திருக்கும். எனவே நான் கேட்டதை மட்டும் திரும்பச் சொல்கிறேன். விலை உயர்ந்த கேபிள், சாதாரணக் கேபிள் இரண்டையும் போர்வையால் மூடுவோம், ஒருவர் பின்னால் நின்று மாற்றட்டும், எதில் பாடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பதில்: "சார், உங்க காதுக்கு வயசாயிடுச்சு."

ஆகிவிட்டதுதான். 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. நானே சோதித்து நானே உங்களிடம் சொன்ன விஷயம் அது. அதையே எடுத்து என் மேல் வீசினீர்கள், போகட்டும். ஆனால் கேட்டுச் சொல்லச் சொன்னது என்னையா? உங்களைத்தானே! நல்ல காதைப் போர்வை அடைத்துவிடுமா?

விலை உயர்ந்த கேபிள் வாங்காதே என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கு என்றேன். இரண்டும் ஒன்றில்லை.

கணக்கும் பெரிய கணக்கில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி, 3 மீட்டர் நீளம், போக வர 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.04 ஓம். எதிரில் நிற்கும் ஸ்பீக்கர் 8 ஓம். இழப்பு 0.05 டெசிபலைக்கூடத் தொடாது. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் இதைவிடப் பெரிய மாற்றம் வரும். வெள்ளிக் கம்பி என்கிறீர்கள். வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாகக் கடத்தும், செம்பைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினால் சரியாகப் போயிற்று. ஸ்பீக்கர் கேபிளில் அம்புக்குறி வேறு! போய்ப் போய்த் திரும்பும் மாறுமின்சாரத்துக்கு யார் வழி காட்டுகிறார்கள்?

"அனுபவிக்காதவனுக்கு என்ன தெரியும்" என்பவர்களுக்கு என் சொந்த மானக்கேட்டைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், தகுதிக்கு மீறிய ஓர் ஆர்சிஏ கேபிள், அதாவது பாட்டை அனலாக் மின்சாரமாகக் கொண்டு போகும் கேபிள், வாங்கினேன். வெல்வெட் பை, உள்ளே வரிசை எண் போட்ட அட்டை. சிடி பிளேயரிலிருந்து ரிசீவருக்கு, ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டிக்கு, மாட்டினேன். ஐயோ, அந்த வயலின்! திரை விலகின மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். மூன்று வாரம் கழித்து தூசி துடைக்கும்போது, அதே பிளேயரிலிருந்து பாட்டை டிஜிட்டலாகக் கொண்டு வரும்படி பின்னால் மாட்டியிருந்த பழைய ஆப்டிக்கல் கேபிளைக் கழற்றினேன். ரிசீவரின் முகப்பில் 'டிஜிட்டல்' என்று எரிந்துகொண்டிருந்த எழுத்து மாறி 'அனலாக்' என்று வந்தது. இரண்டும் மாட்டியிருந்தால் அது தானாக டிஜிட்டலைத்தான் எடுத்துக்கொள்ளும். மூன்று வாரமும் என் புதுக் கேபிள் வழியாக ஒரு சுரம்கூட வரவில்லை. ஆனால் நான் கேட்டேனே, சத்தியமாகக் கேட்டேன். காது பொய் சொல்லவில்லை, அதற்கு முன்பே மூளைக்கு விலை தெரிந்துவிட்டது.

அதனால்தான் போர்வை!

"எல்லா கேபிளும் ஒன்றா?" இல்லை. ரெக்கார்டு பிளேயரில் முள் மாட்டும் கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகையாக இருந்தால், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது அது மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு, மேல்சுரத்தை நிஜமாகவே மாற்றும். வெளி மின்தொல்லையைத் தடுக்கக் கம்பியைச் சுற்றி இருக்கும் ஷீல்டு மோசமாக இருந்தால் உறுமல் வரும். தலைமுடி மாதிரிக் கம்பியை இருபது மீட்டர் இழுத்தாலும் சத்தம் அடி வாங்கும். இதெல்லாம் நானும் சொல்கிறவன்தான். ஆனால் இவற்றுக்கு மருந்து சரியான கேபிள், விலை உயர்ந்த கேபிள் இல்லை.

"நூறு மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும்." பழகுவது நீங்கள். அடுத்தது.

"சோதனை என்றாலே பதற்றம், வித்தியாசம் பிடிபடாது." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நாள் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலேயே, உங்கள் பாட்டிலேயே என்றேன். 16 தடவையில் 12 தடவை சரியாகச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் அது வர நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். 2007-ல், புரட்டுகளை அம்பலப்படுத்திய மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, ஒரு விலை உயர்ந்த கேபிளின் வித்தியாசத்தைத் தெரியாமல் கேட்டுச் சொன்னால் 10 லட்சம் டாலர் என்று பந்தயம் அறிவித்தார். யார் பின்வாங்கினார்கள் என்பதில் இன்னும் சண்டை, சோதனை மட்டும் நடக்கவே இல்லை. எப்போதும் இப்படித்தான்.

"என் காசு, என் இஷ்டம்." தாராளமாக. அழகுக்கு வாங்கினேன் என்று சொல்லுங்கள், நானே வந்து மாட்டித் தருகிறேன்.

ஆனால் என்னை உறுத்துவது என் காதைச் சொன்னது இல்லை. அந்தத் தம்பி. ஸ்பீக்கரைவிட விலை கூடிய கேபிளை வாங்கி வந்திருந்தான். "எனக்கு வித்தியாசம் தெரியலைண்ணே" என்று மெதுவாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தீர்கள். "காது பழகணும் தம்பி" என்று ஒருவர் தட்டிக்கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்து அவனே, "ஆமாண்ணே, இப்ப தெரியுது" என்றான். அந்தப் பத்து நிமிஷத்தில் கேபிளை யாரும் தொடக்கூட இல்லை. முதலில் உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான், அவனையும் உங்களில் ஒருவனாக்கிவிட்டீர்கள். இதற்குப் பெயர் ரசனையாம்.

தம்பி, நீ இதைப் படித்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடு. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வை, நிஜமான வித்தியாசம் அதில் கேட்கும்.

மற்றவர்களுக்கு ஒன்று. கோபத்தில் போர்வையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது என் மனைவியுடையது, தினமும் கேட்கிறாள். யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கி வாருங்கள். நான் இப்போதைக்கு அங்கே வருவதாக இல்லை.