லைசன்ஸ் ஒன்று இருந்தால் எந்த விமானமும் ஓட்டலாமா?
ஓய்வுபெற்ற விமானி ஐயா ஒருவர் தான் ஓட்டிய விமானங்களை, சின்னஞ்சிறு செஸ்னா 152 தொடங்கி பெரிய பயணிகள் ஜெட்டான எயார்பஸ் 330 வரை அடுக்கியதைப் பார்த்து, ‘லைசன்ஸ் ஒன்று எடுத்தால் எந்த விமானத்தையும் ஓட்டலாம்’ என்று ஒரு தம்பி எழுத, பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது அப்படியில்லை தம்பி.

சின்ன விமானங்களின் கதை வேறு, அதை விடுவோம். பெரிய ஜெட் என்றால் ஒவ்வொரு ரகத்துக்கும் தனியே படித்து, சிமுலேட்டரில் பழகி, சோதனையில் தேறி ‘டைப் ரேட்டிங்’, அதாவது அந்த ரகத்தை ஓட்டுவதற்கான தனி அனுமதி, எடுக்க வேண்டும். எயார்பஸ் 318, 319, 320, 321 நாலுக்கும் ஒரே ரேட்டிங் போதும், ஆனால் அதை வைத்துக்கொண்டு போயிங் 737இல் போய் உட்கார முடியாது. வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் விமானத்தைத் திருப்ப 320இல் பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி, 737இல் நெஞ்சுக்கு நேரே ‘யோக்’ என்கிற பெரிய பிடி. ஐயா சொன்னது பொய்யில்லை, அது ஒவ்வொரு விமானமாகப் பழகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த பட்டியல்.

சந்தேகமென்றால் தெரிந்த விமானி யாரிடமாவது லைசன்ஸைக் காட்டச் சொல்லுங்கள், ரேட்டிங் பகுதியில் ரகத்தின் பெயரே இருக்கும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் டைப் ரேட்டிங் பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 320 ஓரிடத்தில், 737 வேறிடத்தில்.